பிறந்த குழந்தையின் முதல் பத்து நாள்: அழுகையை நம்பாதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள்

பிரசவமான இரண்டாம் நாள் இரவு, வார்டில் பாதிக் கட்டில்களில் ஒரே பேச்சுதான் நடக்கும். "பிள்ளை ஓயாம அழுவுது, பால் பத்தல, பவுடர் டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமா?" விடிவதற்குள் மருந்துக்கடையில் இருந்து டப்பாவும் பாட்டிலும் வந்துவிடும். உண்மையில் அந்த இரவில் பெரும்பாலான தாய்மாருக்குப் பால் போதுமானதாகத்தான் இருக்கிறது. அதை அளக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்குக் குழந்தை குடிக்கும் சீம்பால் 2 முதல் 10 மில்லிதான். தேக்கரண்டி ஒன்று 5 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்று அளவு ஏறும். மார்பை அழுத்திப் பார்த்து "ஒண்ணுமே வரலையே" என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத் தெரிகிற அந்த மஞ்சள் துளிகள்தான் அன்றைக்கு வேண்டிய முழுச் சாப்பாடு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. அதைப் பீச்சி வெளியே விடுவது, பிள்ளைக்குக் கிடைத்த முதல் தடுப்பு மருந்தைத் தரையில் கொட்டுவதற்குச் சமம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தாயின் உடலில் ஹார்மோன்கள் மாறுகின்றன. அதன் பிறகு இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பால் திரண்டு இறங்கும். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக உடல் எடை இருந்தால் இது ஒரு நாள் தள்ளிப்போகலாம். இந்த இடைவெளியில் குழந்தை அடிக்கடி மார்பைத் தேடுவதும் அழுவதும் இயல்பு. அந்தச் சப்புதல்தான் பால் சுரக்கச் சொல்லும் கட்டளை. அந்த நேரத்தில் பாட்டிலில் 60 மில்லி பவுடர் பாலைக் கொடுத்தால் குழந்தை நான்கு மணி நேரம் அசந்து தூங்கும். மார்பு காலியாகாது, சுரப்பு குறையும். அடுத்த நாள் இரவு உண்மையிலேயே பால் பத்தாமல் போகும். "எனக்குப் பால் இல்லை" என்று சொல்லும் பல தாய்மாருக்கு அந்த நிலை இப்படித்தான் உருவாக்கப்பட்டிருக்கிறது. பால்மாவு விளம்பரங்களை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதும் இதனால்தான்.

எதை எண்ண வேண்டும்?

அழுகையை அல்ல, சிறுநீரை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்து ஆறு நாளில் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை போக வேண்டும். முதல் வாரம் டயப்பர் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். டயப்பர் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு கணக்கை மறைத்துவிடும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கைக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் நிறக் கறை படிவது பெரும்பாலும் யூரேட் உப்பு, இரத்தமல்ல. நான்காம் நாளுக்குப் பிறகும் அந்தக் கறை வந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று அர்த்தம்.

மலமும் சொல்லும். முதலில் தார் போன்ற கருப்பு. மூன்றாம் நாள் வாக்கில் பச்சை. ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள். ஐந்தாம் நாளிலும் கருப்பாகவே போனால் காத்திருக்காதீர்கள். முதல் மலம் 24 மணி நேரத்துக்குள் வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது எடை. எல்லாக் குழந்தையும் முதலில் கொஞ்சம் இளைக்கும். 3 கிலோவில் பிறந்த குழந்தை 200 கிராம் வரை குறைவது வழக்கம்தான். 300 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் தாய் பால் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் திரும்பப் பிடித்து, அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வெவ்வேறு தராசில் போட்டு ஒப்பிடாதீர்கள். துணியில்லாமல், ஒரே தராசில் பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அழுகிற குழந்தையை வீடே சேர்ந்து கவனிக்கிறது. "ரொம்ப சமத்து, எழுப்பினால்கூட எழுந்திருக்காது, பாலுக்கே அழுவதில்லை" என்று பெருமையாகச் சொல்லப்படும் குழந்தைதான் முதல் வாரத்தில் ஆபத்தில் மாட்டுகிறது. பால் போதாமல் சோர்ந்து, சோர்வினால் இன்னும் குறைவாகக் குடித்து, ஐந்தாம் ஆறாம் நாளில் உடல் வற்றி, இரத்தத்தில் உப்பு ஏறி, காய்ச்சலோடு வந்து சேரும். சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டிலும் தகரக் கூரைக்கடியிலும் இது இன்னும் வேகமாக நடக்கும். அதற்காகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் வரை எந்த வெயிலுக்கும் தாய்ப்பாலே போதும், தடவைகளைத்தான் கூட்ட வேண்டும்.

பகலும் இரவுமாக 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள். எடை கூட ஆரம்பிக்கும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்தவை, 2.5 கிலோவுக்குக் குறைந்தவை என்றால் இரண்டு இரண்டரை மணி நேரம். எழுப்புவதற்கு உள்ளங்காலைச் சுண்ட வேண்டாம். சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, ஈரத்துணி மாற்றி, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து முதுகைத் தடவினாலே பெரும்பாலும் வாய் தேடும்.

காம்பு வலிப்பது ஏன்?

காம்பு வலிக்கிறது, புண்ணாகிவிட்டது என்றால் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. பால் வரும் குழாய்கள் காம்புக்குப் பின்னால், கருவட்டத்துக்கு அடியில் இருக்கின்றன. குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். மேலுதட்டைக் காம்பால் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள், முதுகுவலிதான் மிஞ்சும். சரியாகப் பிடித்திருந்தால் மோவாய் மார்பில் அழுந்தும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கும், கருவட்டம் மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும், விழுங்கும் சத்தம் கேட்கும். வலித்தால் இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து மறுபடி பிடிக்க வையுங்கள். சிசேரியன் தாய்மாருக்கு ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்துப் பக்கமாக அணைத்தோ கொடுத்தால் தையலில் பாரம் விழாது.

மூன்றாம் நாளுக்கு மேல் பால் கட்டி மார்பு கல்லாக இறுகினால் கருவட்டமும் இறுகிவிடும், குழந்தையால் கவ்வ முடியாது. கொடுப்பதற்கு முன் கையால் கொஞ்சம் பீச்சி இளக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து விடுங்கள். தோலின் மேல் தேய்த்து இழுக்க வேண்டாம். கொடுத்து முடித்த பின் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போட்டால் வீக்கம் குறையும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் பால் வற்றுவதற்கானது. அது சுரப்பைக் குறைக்கும் என்பது ஆய்விலும் தெரிந்ததுதான். அதனால் பால் கொடுக்கப்போகிற தாய்க்கு அதைச் செய்துவிடாதீர்கள். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். அப்போதும் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சீழ் கட்டலாம்.

பீச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் கொடுங்கள், பாட்டில் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் மூடிய பாத்திரத்தில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம்.

தாய்க்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது கெடுதல். தாகத்துக்குக் குடிக்கட்டும். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது எல்லாம் தண்ணீர் குறைவதோடும் படுத்தே கிடப்பதோடும் சேர்ந்து வருபவை. பூண்டு, கருவாடு, சுறாப்புட்டு, கீரை, முட்டை எதையும் தடுக்கத் தேவையில்லை. வழக்கத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டால் சரி.

மஞ்சள்: எது இயல்பு, எது இல்லை

மாதம் நிறைந்து பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஆறு குழந்தைக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகும். இரண்டு மூன்றாம் நாளில் தொடங்கி, ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்தில் வடிந்தால் அது இயல்பு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் இயல்பு அல்ல. தாய்க்கு ஓ வகை, குழந்தைக்கு ஏ அல்லது பி வகை என்றாலோ, தாய் நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றாலோ சிவப்பணுக்கள் வேகமாக உடையலாம், மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் மணிக்கு மணி ஏறலாம். நெகடிவ் வகைத் தாய்க்குப் பாசிடிவ் குழந்தை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டதா என்று டிஸ்சார்ஜ் அட்டையில் பாருங்கள். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி அது.

பகல் வெளிச்சத்தில் நெற்றியை, நெஞ்சை, வயிற்றை, காலை விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் இரவானாலும் கிளம்புங்கள். மாநிறக் குழந்தைகளில் கண்ணளவு ஏமாற்றும், சந்தேகம் இருந்தால் இரத்த அளவுதான் பேச வேண்டும். அளவு மிஞ்சினால் பிலிருபின் மூளைக்குள் படிந்து காது கேளாமையையும் கை கால் முடக்கத்தையும் கொண்டுவரும். போன பிறகு திரும்பாத பாதிப்பு அது. மருத்துவமனையில் நீல ஒளியில் ஒன்றிரண்டு நாள் வைத்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

காலை வெயிலில் காட்டுவது அந்த நீல ஒளிக்கு மாற்று ஆகாது. வெயிலை நம்பி இரண்டு நாள் கடத்துவதுதான் அதில் உள்ள கேடு. சங்கு சங்காக விற்கும் கழுதைப்பால் மஞ்சளைக் குறைக்காது, கிருமியைத்தான் கொண்டுவரும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் வாசனையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால், பெரும்பாலும் தாய்ப்பாலால் வரும் தீங்கற்ற மஞ்சள்தான், பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போட்டால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். "தானாகச் சரியாகும்" என்று இரண்டு மாதம் காத்திருந்து வரும் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப்போகிறது.

வீட்டு வழக்கங்களில் எதை விடுவது

எண்ணெய் தேய்த்து இதமான நீரில் குளிப்பாட்டுவதில் தவறில்லை. பிறந்து ஒரு நாள் கழித்து, எடை குறைந்த குழந்தை என்றால் இன்னும் தள்ளிச் செய்யலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பதும் அதில் ஒரு துளி பால் கசிவதும், பெண் குழந்தைக்கு லேசாக இரத்தம் படுவதும் தாயின் ஹார்மோன் விளைவுதான். அந்த மார்பைப் பிதுக்கினால் சீழ் கட்டும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் தசைகளைத் தளரவைக்கும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரலாம் என்பதால் ஒரு வயதுவரை தேனே கூடாது. உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் வரை வாய்க்குள் போகக் கூடாது. உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும் வேண்டாம். தொப்புளில் எதையும் தடவாமல் காயவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். சுற்றி உள்ள தோல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள்.

எப்போது ஓட வேண்டும்

தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே கிடையாது, நேராக மருத்துவமனைதான். உடல் ஜில்லென்று ஆவதும் அதே அளவு ஆபத்து, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழ் குழி விழுந்தாலோ, முனகினாலோ, நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 உண்டு, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரும் உண்டு. போகும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் ஒட்டவைத்து, மேலே துணி போர்த்துங்கள். விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் பால் கொடுங்கள். மூச்சுத் திணறினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டிஸ்சார்ஜ் அட்டையையும் ஈரத்துணிக் கணக்கு எழுதிய தாளையும் கையோடு எடுத்துப்போங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.