செம்பரம்பாக்கம் எத்தனை அடி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கமிருந்து என்னிடம் மனநலக் கவுன்சலிங்குக்கு வருகிறவர்களின் பேச்சு ஏரியில்தான் ஆரம்பிக்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. 21-ஐத் தாண்டியதாகச் செய்தி வந்தால் சிலருக்கு அன்றோடு தூக்கம் போச்சு. 2015 டிசம்பரில் இரவோடு இரவாக வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் இவர்கள்.

அவர்களில் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆரஞ்சு அலர்ட் வந்தாலே காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுவார். பத்திரம், ஆதார், மகளின் மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பரணுக்குப் போகும். இதெல்லாம் பட்ட அனுபவம் தந்த புத்தி, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறமும் விடிய விடிய எழுந்து எழுந்து வாசற்படியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்றார் அவர் மனைவி.

எப்படிச் சொல்வது? 2015-இல் ஆனது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், மறுபடியும் ஆனது. பொய்யான ஆறுதலை மனசு நம்பாது. சொன்னவரையும் சேர்த்து நம்பாமல் போய்விடும். அதனால் வேறு வழி பிடித்தோம். வானிலை அறிக்கையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மட்டும் பார்ப்பது. வாட்ஸ்அப்பில் வரும் வெள்ள வீடியோக்களைத் திறக்காமல் விடுவது. ராத்திரிக் காவலை முறை போட்டுக்கொள்வது: இரண்டு மணி வரை மகன், அப்புறம் இவர். இன்னொருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கண் அசந்தது.

காலநிலை மாறுவதை நினைத்து வரும் இந்தப் பயத்தைக் காலநிலைப் பதற்றம் என்று சொல்கிறோம். நோய்ப் பட்டியலில் இப்படி ஒரு நோய் இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. 2021-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டது. எதிர்காலம் பயமுறுத்துகிறது என்றவர்கள் 75 சதவீதம். எனக்கு அதைவிட உறுத்தியது இன்னொரு எண்: இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசியவர்களில் 48 சதவீதம் பேர், தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்றார்கள். "படிக்கிற வேலையைப் பாரு" என்கிற வீடுகள் நம் ஊரிலும் குறைவில்லை.

பயம் வேறு, துக்கம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களின் துக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அப்பா வைத்த மரம் போனால், புதுக்கன்று காய்க்க இன்னும் எத்தனையோ வருஷம். அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அபத்தம். இழவு வீட்டில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

'கவலையாக இருந்தால் களத்தில் இறங்கு' என்ற அறிவுரை இப்போது அதிகம் கேட்கிறது. பலருக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் களத்திலிருந்தே என்னிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, ராத்திரி ராத்திரியாக நடந்து அவற்றை அளந்து குறித்த கல்லூரி மாணவி ஒருத்தி. "எத்தனை தடவை சோப்பு போட்டாலும் வாடை போகல மேடம்" என்றாள். ஒருநாள் போகாமல் தூங்கினால் குற்ற உணர்ச்சி. வீட்டில் ஏசி ஓடினால் அப்பாவோடு சண்டை. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகளே அதிகம் பொரியும் என்று படித்துவிட்டு அதற்கும் தனியாக ஒரு கவலை.

அவளை விட்டுவிடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை விட்டிருப்பாள். நடை முடிந்ததும் குழுவாக டீக்கடையில் உட்கார்ந்து அன்று பார்த்ததைப் பேசிவிட்டுக் கலைவது, நாளைக்கு வரமுடியாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று முடிவு செய்வது: இந்த இரண்டையும் குழுவில் பேசிப் பார்க்கச் சொன்னேன். முதலாவதற்கு உடனே சரி என்றார்களாம். இரண்டாவதற்குத்தான் பெரிய விவாதம். சூழல் இயக்கங்களை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோளும் இதுவே: இளைஞர்களுக்கு முறைவைத்து ஓய்வு கொடுங்கள், தியாகத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், வேலையும் படிப்பும் நின்றுபோனால், 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.