கொரங்காட்டு மண்ணில் அடைபடும் கார்பன்

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, எளிதில் திரும்பிப் போகாதபடி வேறோர் இடத்தில் நெடுங்காலம் வைத்திருப்பதைக் கரிமத் தேக்கம் என்கிறார்கள். மரம் நடு விழாக்களில் அடிக்கடி கேட்கும் சொல். பிடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. சோளத்தட்டும் பார்த்தீனியமும்கூடப் பகலெல்லாம் அதைத்தான் செய்கின்றன. தட்டை மாடு தின்கிறது, பார்த்தீனியம் காய்ந்து மட்குகிறது; பிடித்த கார்பனில் பெரும்பகுதி அடுத்த சில மாதங்களிலேயே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. ஆட்டைப் பட்டிக்குள் ஓட்டிவிட்டுப் படலைச் சாத்தாமல் வந்தது போலத்தான்.

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் இது வேறு விதமாக நடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். சுற்றிலும் கிளுவை வேலி, ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். பாசனம் கிடையாது, உழவும் அரிது. மாடும் செம்மறியும் மேயும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது தரிசு. மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்காததால் வரும் எண்ணம் அது.

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டு வாழ்வது. இலையில் உருவான சர்க்கரையில் ஒரு பங்கு வேருக்குப் போகிறது. அதிலும் கொஞ்சம் வேர் நுனியிலிருந்து மண்ணில் கசிகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி மடிகின்றன. அவற்றின் எச்சம் களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. துகள்கள் சேர்ந்து சிறு மண்கட்டிகளாகும்போது அவற்றுக்குள் சிக்கிவிடுகிறது. மண்ணில் மட்கிச் சேரும் கரும்பொருளான மக்கு, நுண்ணுயிர்களால் செரிக்கவே முடியாத கடினமான பொருள், அதனால்தான் நிலைக்கிறது என்று முன்பு நம்பினார்கள். இன்று ஆய்வாளர்களில் பலரும் சொல்வது வேறு: அது செரிக்கக்கூடிய பொருள்தான், ஆனால் நுண்ணுயிர் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. அப்படி ஒளிந்த கார்பன் பல பத்தாண்டுகள், சில வேளை நூற்றாண்டுகள்கூட மண்ணில் தங்கும்.

ஆகவே உழவைத் தவிர்ப்பதுதான் கொரங்காட்டின் பெரிய பலம். டிராக்டரில் ஒன்பது கலப்பை பூட்டி ஓட்டினால் மண்கட்டிகள் உடைகின்றன, காற்று புகுகிறது, இத்தனை நாள் எட்டாத தீனி நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கிறது. நம் வெயிலில் அவை வேகமாகத் தின்னும். கார்பன் டை ஆக்சைடும் அதே வேகத்தில் வெளியேறும். அளவுக்கு மீறி மேய்த்தாலும் கெடும்: இலை இல்லாத புல்லுக்கு வேரை வளர்க்கச் சத்து ஏது?

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 30 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 1,700 டன். அதன் அங்ககக் கார்பன், அதாவது செடி, நுண்ணுயிர்களின் எச்சத்திலிருந்து வந்த கார்பன், 0.1 விழுக்காட்டுப் புள்ளி கூடினால் 1.7 டன் கார்பன் சேர்ந்ததாகும். ஒரு டன் கார்பன் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதால் 6.2 டன், சுமார் 2,300 லிட்டர் டீசல் எரிந்தால் வெளிவரும் அளவு. மண் பரிசோதனை அட்டையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று போடுவார்கள். அந்த 0.1 கூடுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். கார்பன் வரவு (சேர்த்த கார்பனுக்கான, விற்கக்கூடிய சான்று) தருகிறோம் என்று ஒப்பந்தத்தோடு வருகிறவர்களிடம் எவ்வளவு சேரும் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு தங்க வேண்டும், இடையில் நிலம் கைமாறி உழப்பட்டால் பொறுப்பு யாருடையது என்று கேட்பதுதான் விவரம்.

மண்ணைவிட உறுதியான அடைப்பு கல். கோவையை அடுத்த மதுக்கரையின் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளாகக் கார்பனை வைத்திருக்கிறது. சிமென்டுக்காகச் சூளையில் சுட்டால், தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளின் புகை தனி.

இரண்டுக்கும் இடைப்பட்டது கரி. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இரும்பு உருக்கினார்கள். அங்கே அகழ்ந்தெடுத்த கரித்துண்டுகளைக் கொண்டுதான் காலத்தைக் கணிக்க முடிந்தது. அத்தனை காலமும் அந்தக் கார்பன் மட்காமல் கிடந்திருக்கிறது. காற்றைக் குறைத்துச் சுடும்போது கார்பன் அணுக்கள் நெருக்கமான வளையங்களாகப் பின்னிக்கொள்வதால் நுண்ணுயிர்களால் அவற்றை எளிதில் உடைக்க முடிவதில்லை. காங்கயத்துத் தேங்காய்த்தொட்டிக் கரியும் இதே வகைதான். அடுப்பில் எரித்தால் தேக்கம் ஒன்றுமில்லை. பொடித்து எருவோடு கலந்து மண்ணில் இட்டால் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். சீமைக்கருவேலத்தையும் அப்படிக் கரியாக்கலாம். ஆனால் நன்றாகச் சுட்டாலும் விறகிலுள்ள கார்பனில் பாதியளவுதான் கரியில் மிஞ்சும். மீதி புகையோடு போகிறது. புகையைப் பிடித்து எரிக்காமல் குழியில் அப்படியே விட்டால் அதில் கார்பன் டை ஆக்சைடைவிட அதிகமாக வெப்பத்தைப் பிடிக்கும் மீத்தேனும் இருக்கும். கணக்கில் அதையும் கழித்தாக வேண்டும்.