தண்டவாளத்தில் நசுங்கிய காசை 4,000 ரூபாய்க்கு வாங்கியவர்

"அண்ணே, இது பிராட்ஸ்ட்ரைக்காம், நாணயச்சாலையிலேயே தப்பா அடிபட்ட எரர் காசாம், 4,000 குடுத்து வாங்கினேன்" என்று ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் போன மாதம் என் மேஜையில் ஒரு 2 ரூபாய் நாணயத்தை வைத்தார். பிளாஸ்டிக் உறை, அதன் மேல் கையால் எழுதி ஒட்டிய சீட்டு, எல்லாம் பக்காவாக இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவரே பார்க்கட்டும் என்று லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். காசு முட்டை வடிவில் நீண்டிருந்தது, சிங்கங்களின் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது, மேற்பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். ரயில் தண்டவாளத்தில் வைத்து எடுத்த காசு.

"எடை சரியா இருக்கேண்ணே" என்றார். 2011-இல் வந்த வரிசையின் 2 ரூபாய்க்கு எடை 4.85 கிராம். தராசில் இதுவும் ஏறக்குறைய அதையேதான் காட்டியது. காட்டத்தான் செய்யும், ரயில் சக்கரம் உலோகத்தைப் பரப்பிவிடுமே தவிர எடுத்துக்கொண்டு போகாது.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நாணயச்சாலையில் முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள், அப்புறம் சூடுபடுத்தி மென்மையாக்கி, விளிம்பைச் சற்று எழுப்பி, கடைசியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். அடிக்கும்போது வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், காலர் என்பார்கள், உலோகம் வெளியே வழியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்தக் காலர் சரியாக உட்காராமல் போனால் காசு அகலமாகிவிடும், அதுதான் பிராட்ஸ்ட்ரைக். ஆனால் காலர் இல்லாவிட்டாலும் அச்சு அதே அச்சுதானே? அதனால் நடுவில் இருக்கிற சிங்கமும் எழுத்தும் வழக்கமான அளவிலேயே, கூர்மையாக இருக்கும்; ஓரம் மட்டும்தான் எழும்பாமல் பரந்திருக்கும். அச்சடித்து முடிந்த பிறகு நசுங்கிய காசில் எழுத்தே விரிந்து தட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு நல்ல 2 ரூபாயை வைத்து எழுத்தின் அளவை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தம்பி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

என்னிடம் வருகிற எந்தக் காசைப் பற்றியும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் இது இப்படி ஆகியிருக்க முடியும்? பதில் கிடைக்கவில்லை என்றால் அது வெளியே வந்த பிறகு பட்ட அடி.

லக்கி காசு (ஆங்கிலத்தில் brockage) என்கிற எரரை எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் மிகவும் தேடுவது இதைத்தான், அதனால் போலியும் இதில் அதிகம். முன்னால் அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அடிபடும். ஒரு பக்கம் படம் சரியாக எழும்பியிருக்கும், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி, உள்ளே குழிந்திருக்கும். இதைப் போலியாகச் செய்கிறவர்கள் இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்குவார்கள். அப்படிச் செய்தாலும் திரும்பிய எழுத்து குழிந்து பதியும், ஆனால் அதன் அடியிலேயே பழைய படம் நசுங்கிக் கிடக்கும். நிஜ லக்கியில் அந்தப் பக்கத்துக்கு என்று ஒரு படம் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை. லென்ஸில் இரண்டு படங்களின் மிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஓரம் வெட்டுப்பட்ட காசும் இப்படித்தான். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் விழுந்தால், வில்லை ஒரு பிறை குறைந்து வரும். அந்தக் குறையுள்ள வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது, பிறைக்கு நேர் எதிரே அழுத்தம் கிடைக்காது, அதனால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். பிறைக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளும் அதை நோக்கிச் சற்றே வழிந்த மாதிரி இருக்கும். அரத்தால் ராவிய காசில் எழுத்து கத்தி போட்டதுபோல நறுக்கென்று நிற்கும், எதிர்ப்பக்க விளிம்பு முழுதாக இருக்கும், வெட்டின மேல் அரத்தின் கோடுகளும் தெரியும்.

10 ரூபாயில் நடுவட்டம் திரும்பியிருக்கிறது என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார். வெளி வளையமும் நடுத்துண்டும் ஒன்றாக வைக்கப்பட்டு, ஒரே அடியில் அச்சாகி, அந்த அடியிலேயே ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. அப்புறம் எப்படி நடுவில் உள்ளது மட்டும் திரும்பும்? யாரோ தட்டி எடுத்துத் திருப்பி வைத்ததுதான். மேஜையில் போட்டால் சத்தமே மாறியிருக்கும். ₹ குறி இல்லாத 10 ரூபாய், 10 கோடு போட்ட 10 ரூபாய், 15 கோடு போட்ட 10 ரூபாய், இவையும் எரர் இல்லை, போலியும் இல்லை. ₹ குறியே 2010-இல்தான் வந்தது, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்லிவிட்டது.

செம்பு நிறத்தில் 1 ரூபாய் கொண்டுவந்து, வேறு உலோகத்தில் அடித்தது என்றால் முதலில் காந்தம். ஒட்டினால், எடையும் அந்த வரிசைக்கு உரியதே (2011 வரிசைக்கு 3.79 கிராம்) என்றால், அது வழக்கமான எஃகுக் காசுதான், மேலே முலாம் பூசியிருக்கிறார்கள். எழுத்து இரட்டையாகத் தெரிவது பெரும்பாலும் அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வருகிற படிக்கட்டு மாதிரியான சரிவு. அது நாணயச்சாலையிலேயே நடந்தாலும் அதற்குத் தனி விலை கிடையாது.

நல்ல எரர் என்று தோன்றினால் தயவுசெய்து புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசில் நான் பார்க்க வேண்டிய பாதித் தடயம் அழிந்துபோயிருக்கும், அப்புறம் நிஜம் என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. விற்கிறேன் என்று யாரிடமும் முன்பணம், கமிஷன், வரி எதுவும் கட்டாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

அந்தத் தம்பி விற்றவரை என் முன்னாலேயே கூப்பிட்டுப் பார்த்தார், எண் அணைக்கப்பட்டிருந்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியச் சொன்னேன். காசை உறையிலேயே வைத்து, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன்.