வாசற்கதவு எவ்வளவு தூரம்?

ரேடியோ நாடகத்தில் ஒரு கிழவர் "யாரது?" என்கிறார். "நான்தான் அப்பா" என்று பதில் வருகிறது. மகன் கூடத்தின் மறுகோடியில், வாசலில் நிற்கிறான் என்பது நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. இப்போது ஒலியைக் கூட்டிப் பாருங்கள். அவன் கிட்டே வரமாட்டான். அதே வாசலில் நின்றபடி சத்தமாகப் பேசுவான், அவ்வளவுதான்.

அப்படியென்றால் தூரத்தைக் காது எதை வைத்துக் கணிக்கிறது? அறைக்குள் ஒருவர் பேசினால் ஒலி நம்மை இரண்டு வழியாக எட்டுகிறது. வாயிலிருந்து நேரே வருவது ஒன்று. சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பி வருவது இன்னொன்று. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரொலி 6 டெசிபல் குறையும். மோதித் திரும்பும் ஒலியோ அறை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிரம்பிக் கிடக்கும். ஆள் தள்ளிப் போகப் போக நேரொலி மெலிந்து, அறையின் முழக்கம் மேலோங்கும். காது எடைபோடுவது இந்த விகிதத்தைத்தான். நடிகர் மைக்கை விட்டு நாலு எட்டுப் பின்னால் போய்ப் பேசினால் போதும், அங்கே ஒரு வாசல் முளைத்துவிடும். போனில் பதிவைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி பின்னால் நடந்து பாருங்கள். போன் தானாகவே ஒலியளவைச் சரிக்கட்டப் பார்க்கும். ஆனாலும் 'எட்டு' என்பது 'இரண்டு' என்பதைவிடத் தள்ளித்தான் கேட்கும்.

வெட்டவெளிக் காட்சிதான் வேடிக்கை. ஸ்டூடியோவிலேயே மிகவும் அடைத்த இடத்தில்தான் அதைப் பதிவு செய்வார்கள். வெளியில் ஒலி மோதித் திரும்பச் சுவர் ஏது? அதனால் நாலு பக்கமும் தடித்த மெத்தை போட்டு, முழக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும் அறை வேண்டும். நடிகர் மூச்சு முட்ட உள்ளே நிற்பார். கேட்கிற நமக்கு அது வயல்வெளி. பிபிசியின் நாடக ஸ்டூடியோக்களில் ஒரே படிக்கட்டில் மரம், சிமெண்ட், கம்பளம் என்று பக்கம் பக்கமாகப் பாதை இருக்கும். கால் எதில் படுகிறதோ அதற்கேற்ப வீடே மாறிவிடும்.

இதற்கு நேர்மாறு, ஒருவர் மனதுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி. அங்கே உதடு மைக்கை உரசுகிற தூரத்துக்கு வந்துவிடும். குறிப்பிட்ட திசையில் மட்டும் கேட்கும் மைக்குகள், உள்ளே ஒலிபட்டு அதிரும் மெல்லிய தகட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டைத்தான் அளக்கின்றன. வாய் மிக அருகில் இருந்தால் முன்பக்கத்து அழுத்தம் பின்பக்கத்தைவிட வெகுவாக உயர்ந்துவிடும். இதனால் அதிகம் பெருகுவது தாழ்ந்த அதிர்வெண்கள். குரல் கனத்து, நம் தலைக்குள்ளேயே யாரோ பேசுவதுபோல ஆகிறது.

ரேடியோவுக்கென்றே எழுதப்பட்ட நாடகங்களில் மிகப் பழையது ஒன்றை பிபிசி 1924 ஜனவரி 15 அன்று ஒலிபரப்பியது. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். களம், விளக்கு அணைந்துபோன நிலக்கரிச் சுரங்கம். கேட்பவருக்கும் பாத்திரங்களுக்கும் ஒரே இருட்டு! இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தொடக்கம் அந்தக் கலைக்கு வாய்த்திருக்க முடியாது.

ஆனால் இருட்டில் பேசுவது யார் என்று எப்படிப் பிரித்தறிவது? கேட்டலை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் காலின் செர்ரி 1953-இல் ஒரே ஆளின் குரலில் இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்து ஒலிக்கவிட்டார். கேட்டவர்கள் பிரித்தறியப் பெரும்பாடு பட்டார்கள். காதுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்ததும் சிரமமே இல்லை. ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் எல்லாக் குரலும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. திசை என்ற உதவி அங்கே கிடையாது. அதனால்தான் ஒன்று கட்டைக்குரல், இன்னொன்று கீச்சுக்குரல் என்று தேடிப் பிடிக்கிறார்கள்.

மழையை மட்டும் நேராகப் பதிவு செய்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல இருக்கும். லட்சம் துளிகள் தாறுமாறாக விழும்போது எல்லா அதிர்வெண்களும் கலந்து வெறும் இரைச்சலாகிவிடுகின்றன. மழை என்று நம்ப, தகரத்தின்மேல் தனித்தனியாகச் சொட்டும் நாலு துளி வேண்டும். பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவு மூட்டையைப் பிசைவார்கள். மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று உராயும் நறநறப்பில் அசல் பனியே தோற்றுவிடும்.

நகைச்சுவை நிகழ்ச்சியில் எதிரி, சிரிப்பேதான். பார்வையாளர் சிரிப்பு அடுத்த வசனத்தை மூடிவிடும். அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காற்றில் ஓட்டை விழும். உச்சத்திலேயே பேசினால் வசனம் போச்சு. தேர்ந்த நடிகர் சிரிப்பு இறங்கத் தொடங்கும் நொடியில் உள்ளே நுழைவார். மேடையில் முகத்தைக் கோணி அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம், ரேடியோவில் வழியில்லை. சில நொடிகள் மௌனம் நீடித்தாலே கோளாறு என்று கருதி எச்சரிக்கை மணி அடிக்கும் கருவிகளும் நிலையங்களில் உண்டு.

பேட்டிகளைக் கோத்து உரைச்சித்திரம் எடுப்பவருக்கோ மௌனம்தான் மூலப்பொருள். பேட்டி முடிந்ததும், "ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க" என்பார். எல்லோரும் சிலையாக உட்கார்ந்திருக்க, பதிவாவது ஃப்ரிட்ஜின் ரீங்காரம், எங்கோ ஓடும் மின்விசிறி. பேட்டி கொடுத்தவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தொடர்ந்து வரும் ஓசையைக் காது மறந்துவிடும். அது சட்டென நின்றால்தான் விழித்துக்கொள்ளும். ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்தால் அடியில் ஓடும் ரீங்காரமும் அறுந்துபோகும். அந்த வெட்டை ஒட்டுப்போட அதே அறையின் மௌனம்தான் வேண்டும், வேறு அறையின் மௌனம் பொருந்தாது. டேப் காலத்தில் இதைப் பிளேடால் செய்தார்கள். நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கால் நொடி 'ம்ம்' ஒன்றை நீக்கினால் தரையில் 9.5 சென்டிமீட்டர் நாடா விழும்.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை வானில் ஏற்றும்போது என்ன ஆகிறது? காரிலும் சமையலறையிலும் கேட்பார்கள் என்பதால், கம்ப்ரெஸர் என்ற கருவி கத்தலை அமுக்கி, முணுமுணுப்பைத் தூக்கிவிடுகிறது. பழைய மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்போ ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் துண்டித்துவிடும். 'ஸ'வும் 'ஃப'வும் மழுங்கிக் குழம்பும். இப்படி அடிபட்டு, கையகல ஸ்பீக்கர் வழியே, குக்கர் விசிலுக்கு நடுவே அந்தக் குரல் வந்து சேர்கிறது. கத்தலும் முணுமுணுப்பும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் இப்போது. ஆனாலும் முணுமுணுப்பவர் காதருகில் இருக்கிறார். மகன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.