மீன் பேனுக்கு ஒரு கணக்கு, நங்கூரப் புழுவுக்கு வேறு கணக்கு

மதுரையில் மாடித் தொட்டியில் கோல்டு ஃபிஷ் வளர்ப்பவரும் சரி, கண்மாய்க்குப் பக்கத்தில் பண்ணைக் குட்டை வெட்டி ரோகு, கட்லா விட்டிருப்பவரும் சரி, கேட்பது ஒன்றுதான்: "மீன்மேல ஒட்டியிருக்கிற பூச்சி மருந்து ஊத்தியும் போக மாட்டேங்குதே, என்னங்க செய்ய?" முதலில் மீன்மேல் இருப்பது எது என்று பாருங்கள்.

தட்டையாக, வட்டமாக, ஒரு சென்டிமீட்டருக்குள் கண்ணாடி போல ஊர்ந்தால் அது மீன் பேன். நினைத்தபோது இறங்கி நீந்தி அடுத்த மீனுக்குப் போய்விடும். வெள்ளை நூலாகத் தொங்கினால் நங்கூரப் புழு. தொங்குவது எல்லாமே பெட்டை, ஆண் இணை சேர்ந்ததும் செத்துவிடும். பெட்டை தலையைச் சதைக்குள் நங்கூரமாக விரித்துப் புதைத்துக்கொண்டு, நுனியில் இரண்டு முட்டைப் பைகளோடு வெளியே கிடக்கும்.

இரண்டுமே இறால், நண்டுக்குச் சொந்தம். வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட வேண்டும், அந்த ஓடு கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆனது. டைஃப்ளூபென்சுரான் என்ற மருந்து கைட்டின் உருவாவதைத் தடுப்பதால் பழைய ஓடு கழன்றதும் புது ஓடு அமையாமல் உயிரி செத்துப்போகிறது, மீனுக்கு அப்படி ஓடு கிடையாது என்பதால் அது தப்பிக்கிறது. மீன் பேன் பெரிதான பிறகும் ஓடு மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒட்டியிருக்கும் பெரிய பேனும் சாகும். நங்கூரப் புழுவோ சதையில் நிலைத்தபின் ஓடு மாற்றுவதே இல்லை! கண்ணுக்குத் தெரிகிற நூல் அப்படியே இருக்கும், சாவது தண்ணீரில் திரியும் புழுக் குஞ்சுகள்தான். ஆகவே நூலை இடுக்கியால் சதையை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்து, புண்ணில் போவிடோன் அயோடின் தொட்டுவையுங்கள். குஞ்சுகளுக்கு மருந்து.

அதுவும் ஒரு தடவை போதாது, முட்டைக்குள் மருந்து போகாது. நம் ஊர் வெயில் தண்ணீரில் நங்கூரப் புழு மூன்று வாரத்திலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும், பேன் முட்டை பொரிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். வாரம் ஒரு முறை என்று ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். ஆயிரம் லிட்டருக்குக் கலப்பில்லாத டைஃப்ளூபென்சுரான் 100 மில்லிகிராம்கூட வேண்டாம், ஆனால் வேளாண் கடைப் பொடியில் அது 25 சதவீதம்தான், கணக்குப் போட்டு எடை பாருங்கள்.

குட்டையில் பேனுக்கு இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான்: பேன் முட்டையை மீனில் இடாது, கல், கட்டை, கம்பு மாதிரி கெட்டியான பரப்பில்தான் ஒட்டும். மூங்கில் தப்பைகளை ஊன்றிவைத்து வாரம் ஒரு முறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயப் போட்டால் முட்டையோடு காய்ந்துவிடும்.

சாப்பிடுகிற மீனுக்கு மீன்வளத் துறை அலுவலரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம். மருந்து போட்ட தண்ணீரை வாய்க்காலிலோ கண்மாயிலோ திறந்துவிடவே கூடாது, அங்கே இருக்கிற நண்டு, இறால், பூச்சிகளுக்கும் கைட்டின் ஓடுதான். அப்புறம், சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் சந்தையிலிருந்து வந்த மீனோ பக்கத்துக் கடை மீனோ, புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் தனித் தொட்டியில் விட்டுப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு சேருங்கள்.