கொய்த பின்னும் உயிர்வாழும் திராட்சை: அமரோனே ஒயின் உருவாகும் விதம்

வட இத்தாலியில், வெரோனா நகருக்கு வடக்கே லெசீனி மலையடிவாரத்தில் வால்போலிசெல்லா என்னும் குன்றுப் பகுதி இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் திராட்சையைக் கொய்த கையோடு நசுக்கி நொதிக்க விடுவார்கள். இங்கோ, அமரோனே என்னும் சிவப்பு ஒயினுக்கான குலைகளைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுத்து, வாரக்கணக்கில் நிழலில் வாட விட்டுக் குளிர்காலத்தில்தான் நசுக்குகிறார்கள். டிசம்பர் 1ஆம் தேதிக்கு முன் நசுக்கக் கூடாது என்பது பொதுவான சட்ட விதி. வாட்டினால் நீர் வற்றிச் சர்க்கரை செறிகிறது என்று சொல்வது பாதி விளக்கமே. கொடியிலிருந்து பிரிந்த பிறகும் நெடுநாள் உயிரோடிருக்கும் பழம் தனக்குள் நடத்தும் மாற்றங்கள்தான் மீதிப் பாதி.

இதற்குரிய முதன்மையான வகை கொர்வீனா; அதனுடன் கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகியவை சேர்கின்றன. கொர்வீனாவின் தடித்த தோல் நீண்ட நாள் வாடலைத் தாங்கும்; ரொந்தினெல்லா நோய்களை எளிதில் அண்டவிடாது. நம் கம்பம் பள்ளத்தாக்கைப் போலவே இங்கும் கொடிகளைப் பந்தலில் படரவிடும் வழக்கம் உண்டு. அறுவடையின்போது, பழங்கள் நெருக்கமில்லாமல் காற்றோட்டமாக அமைந்த குலைகளை மட்டுமே கையால் தேர்ந்தெடுத்து, ஆழமில்லாத தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒரு பழம் வெடித்துச் சாறு கசிந்தாலும் சாம்பல் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அந்தப் பூஞ்சை சுரக்கும் லாக்கேஸ் என்னும் நொதி, ஒயினுக்குச் சிவப்பைத் தரும் நிறமிகளைச் சிதைத்துவிடும். முன்பெல்லாம் பட்டுப்புழு வளர்க்கப் பயன்பட்ட நாணல் தட்டிகளிலேயே குலைகளைப் பரப்பி, வீட்டு மாடிகளில் வைத்தார்கள். உலர்ந்த காற்று வீசும்போது ஜன்னல்களைத் திறப்பதும் மூடுபனி இறங்கும்போது அடைப்பதும் அன்றாட வேலையாக இருந்தன.

வாடும் காலத்தில் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும், குறைகிறது. தோலின் மெழுகுப் பூச்சு நீரை மெதுவாகவே வெளியேற விடுவதால் இதற்கு இத்தனை நாட்கள் ஆகின்றன. இதற்கிடையே பழத்தின் செல்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கு எரிபொருளாகப் பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் செலவிடுகின்றன. நீர் குறைவதை ஆபத்தாக உணரும் செல்களில், தற்காப்புப் பொருள்களை உருவாக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அத்தகைய பொருளான ரெஸ்வெரட்ரால் கூடுவது இதனால்தான். மின்விசிறியையும் ஈரப்பத நீக்கியையும் கொண்டு அவசரமாக உலர்த்தினால் சர்க்கரையின் அளவை எட்டிவிடலாம். ஆனால் இந்த உயிர்வேதி மாற்றங்களுக்கு அவகாசம் இருக்காது. ஆகவே பழைய மாடிகளின் நிதானத்தை வெறும் மரபுப்பற்று என்று ஒதுக்குவது சரியல்ல.

அடுத்த கடினமான வேலை ஈஸ்டுடையது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். வாடிய பழத்தின் சாற்றில் லிட்டருக்கு 270 கிராமுக்கு மேலும் சர்க்கரை இருக்கக்கூடும் என்பதால், அமரோனேயில் 15, 16 சதவீத ஆல்கஹால் இருப்பது சாதாரணம். அவ்வளவு செறிந்த கரைசல் ஈஸ்ட் செல்லின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். அதை எதிர்க்க ஈஸ்ட் கிளிசராலை உற்பத்தி செய்கிறது. தொடக்கத்தில் சர்க்கரையும் குளிரும், முடிவில் தானே உண்டாக்கிய ஆல்கஹாலும் ஈஸ்டை நெருக்குவதால், நொதித்தல் ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

ஈஸ்ட் பாதியில் நின்றுவிட்டால் மிஞ்சுவது இனிப்பு ஒயின். அதன் பெயர் ரெச்சியோத்தோ, அமரோனேயைவிட மூத்தது. 6ஆம் நூற்றாண்டில், அப்போது இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரகோத் இனத்தாரின் அரசவையில் பணியாற்றிய காசியோடோரஸ், வெரோனாப் பகுதியில் குலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குளிர்காலம் வரை வாட்டி ஒயின் செய்யும் முறையைக் கடிதமொன்றில் விவரித்திருக்கிறார். சர்க்கரை ஏறக்குறைய தீரும்வரை நொதிக்கவிட்ட வடிவமான அமரோனே தனிப் பெயருடன் சந்தைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்; இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரநிலையை அது 2010இல் பெற்றது.

அமரோனேயை வடித்த பிறகு எஞ்சும் சக்கையும் வீணாவதில்லை. அதில் ஈஸ்டும், ஓரளவு சர்க்கரையும், தோலின் நிறமும் மணமும் தங்கியிருக்கின்றன. அவ்வாண்டின் சாதாரண வால்போலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றிச் சில நாட்கள் மறுபடி நொதிக்க விட்டால், ஆல்கஹாலும் அடர்த்தியும் கூடிய ரிப்பாஸ்ஸோ என்னும் மூன்றாவது ஒயின் கிடைக்கிறது.