ஃபிளாஷ் போட்டால் எல்லாத் தொண்டையும் சிவப்புதான்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு குழந்தையின் திறந்த வாய், பாதி கலங்கல், நாக்கில் பிஸ்கட் துணுக்கு. கீழே ஒரு வரி: "டாக்டர், தொண்டை ரொம்ப ரெட்டா இருக்கு, போன தடவை எழுதின ஆன்டிபயாடிக் ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருக்கு, அதையே கொடுக்கலாமா?" அந்த வாரத்தில் எனக்கு வந்த நான்காவது தொண்டைப் படம் அது. மற்ற மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். இதற்கு முடியவில்லை, காலையில் கூட்டி வாருங்கள் என்று மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் வந்தான். இரண்டரை வயது. மூக்கு மேலுதடு வரை ஒழுகுகிறது, இருமுகிறான், குரல் கம்மியிருக்கிறது, ஆனால் என் மேஜை மேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறான். அவன் அம்மா கட்டைப்பையிலிருந்து பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். இரண்டு மாதத்தில் மூன்று ஆன்டிபயாடிக், மூன்றும் "தொண்டையில் இன்ஃபெக்‌ஷன்" என்று கொடுத்தவை, அதில் ஒன்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு, அதற்குத் தனி மருந்து. "ஆனா மருந்து கொடுத்தா நாலு நாள்ல கேட்டுடுது டாக்டர்" என்றார். அம்மா, இந்தச் சளி, மருந்து கொடுக்காவிட்டாலும் நாலைந்து நாளில் அடங்கத்தான் போகிறது. ப்ளே ஸ்கூல் போகிற வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். அத்தனை முறையும் தொண்டை சிவக்கும். அத்தனை முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன கணக்கு?

சிவப்பு ஒரு நோய் கிடையாது. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. வைரஸ் வந்தாலும் தொண்டை சிவக்கும் (அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது), பாக்டீரியா வந்தாலும் சிவக்கும், வீறிட்டு அழுதால் சிவக்கும், ராத்திரி மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுத் தூங்கி எழுந்தாலும் சிவக்கும். சரி, வெள்ளையாகப் புள்ளி இருந்தால்? "சீழ் பிடிச்சிருக்கு டாக்டர், படத்துல பாருங்க" என்று வட்டம் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அடினோ வைரஸிலும் டான்சில் மேல் வெள்ளை படியும். எப்ஸ்டீன் பார் வைரஸில் இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டு பயங்கரமாகவே இருக்கும், அதற்கு பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும், அப்புறம் "என் பிள்ளைக்கு பென்சிலின் அலர்ஜி" என்று ஒரு பொய்ப் பட்டம் காலம் முழுக்கக் கூடவே வரும். மறுபக்கம், நிஜமான ஸ்ட்ரெப் பாக்டீரியா வந்த தொண்டையில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமலும் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் இது வைரஸ், இது ஸ்ட்ரெப் என்று பிரிக்க எனக்கும் முடியாது, என்னைவிட இருபது வருடம் மூத்தவர்களுக்கும் முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அப்படியானால் நாங்கள் எதை வைத்து முடிவு செய்கிறோம்? தொண்டையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் வயது. ஸ்ட்ரெப் தொண்டை வலி பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்காரர்களின் நோய், 3 வயதுக்குக் கீழே அபூர்வம். அடுத்து மூக்கும் இருமலும். மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மி, கண் சிவந்து, வயிற்றுப்போக்கும் இருந்தால் அது வைரஸ். வாய்க்குள் கொப்புளமும் உள்ளங்கை, பாதத்தில் புள்ளியும் இருந்தால் அதுவும் வைரஸ்தான். ஸ்ட்ரெப் வேறு மாதிரி வரும். காலையில் நன்றாகப் பள்ளிக்கூடம் போன எட்டு வயதுப் பெண் சாயங்காலம் சுருண்டு படுத்திருப்பாள். கடும் காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, ஒரு வாந்தி, எச்சில் விழுங்கினால் வலி, ஆனால் சளியும் இல்லை இருமலும் இல்லை. கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டியிருக்கும், தொட்டால் முகம் சுளிப்பாள். மேலண்ணத்தில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளி, சில சமயம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று தோல் சிவந்திருக்கும்.

இப்படி ஒரு குழந்தை வந்தால்தான் தொண்டையில் பஞ்சுக்குச்சி தடவிப் பரிசோதனைக்கு அனுப்புவது பொருத்தம். லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். உடனடி கிட் இருந்தால் கால் மணி நேரத்தில் தெரியும், ஆனால் எங்களைப் போன்ற சிறிய ஊர்களில் பல இடத்தில் அந்தக் கிட் இருக்காது. சளி பிடித்த எல்லாக் குழந்தைக்கும் எடுத்துப் பார்க்கலாமே என்று படித்த அப்பாக்கள் கேட்கிறார்கள். கூடாது. ஒரு நோயும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் தொண்டையில் இந்தப் பாக்டீரியா சும்மா குடியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வைரஸ் சளி வந்த நாளில் குச்சி விட்டால் பாசிட்டிவ் என்றுதான் வரும். இன்னொன்று, ஆன்டிபயாடிக் இரண்டு வேளை கொடுத்துவிட்டு அழைத்து வந்தால் கல்ச்சரில் பெரும்பாலும் ஒன்றும் வளராது, நானும் உங்களோடு சேர்ந்து குருட்டாம்போக்கில்தான் போக வேண்டும்.

லேப் பேக்கேஜில் சேர்த்துவிடுகிற ஏஎஸ்ஓ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஸ்ட்ரெப் வந்துபோன தடயத்தைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை. இன்றைக்கு வலிக்கிற தொண்டையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்காத பெற்றோர் வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

ஸ்ட்ரெப்புக்கு இவ்வளவு பாடு ஏன் என்றால், இதயத்துக்காக. தொண்டை வலி தானே போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கி ருமாட்டிக் காய்ச்சல் வந்தால் இதய வால்வு கெடலாம், பிறகு 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட வேண்டும். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் இதைத் தடுத்துவிடலாம், ஆகவே கல்ச்சருக்காக இரண்டு நாள் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. சரியான மருந்து என்பது பழைய பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், முழுதாக 10 நாள். மூன்றாம் நாள் பிள்ளை ஓடி விளையாடினாலும் 10 நாள். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற மூன்று நாள் அசித்ரோமைசின் அதற்கு மாற்று இல்லை. அதற்கு அடங்காத ஸ்ட்ரெப் நம் நாட்டிலும் இருக்கிறது, பென்சிலினுக்கோ அது இன்னும் அடங்கித்தான் போகிறது.

எங்கள் பக்கத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது ஆன்டிபயாடிக் எழுத அரை நிமிடம், வேண்டாம் என்று புரியவைக்கப் பத்து நிமிடம். நானும் அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்த நாட்கள் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எடைக்கு ஏற்ற பாராசிட்டமால், அடிக்கடி நீர் ஆகாரம், வெதுவெதுப்பான கஞ்சி. ஒரு வயதுக்கு மேல் என்றால் தேன் கொடுக்கலாம். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். ஐஸ்கிரீம் கேட்டால் கொடுங்கள், அதனால் தொண்டை கெடாது, குளிர்ச்சி வலிக்கு இதமாகவே இருக்கும். தண்ணீரில் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது, போன மாத பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் பாட்டிமார்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், உள்நாக்கு விழுந்துவிட்டது என்று கட்டைவிரலில் உப்பும் மிளகும் தொட்டு உள்ளே அழுத்தாதீர்கள், உச்சி முடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். உள்நாக்கு எங்கேயும் விழவில்லை, வீங்கியிருக்கிறது, தானே வற்றும். கழுத்தில் சுண்ணாம்பு தடவி தோல் வெந்து வந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசி அட்டையை எடுத்து, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஊசி எல்லாம் போட்டாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். 6, 10, 14 வாரம், ஒன்றரை வயது, 5 வயது, பிறகு 10, 16 வயது. தொண்டை அடைப்பான் ஒழிந்த நோய் கிடையாது. டான்சில் மேல் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படிந்து, கழுத்து மாட்டுக் கழுத்து போல வீங்கினால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. விட்டுப்போன ஊசியை இப்போதும் போடலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

இனிமேல் ராத்திரியில் எழுதுவதானால் படம் வேண்டாம். வயது என்ன, மூக்கு ஒழுகுகிறதா, இருமுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான், இந்த ஐந்தை எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், வாயைத் திறக்கவோ கழுத்தைத் திருப்பவோ முடியவில்லை என்றால், மூச்சில் கரகர சத்தம் கேட்டால், டார்ச் அடித்து ஸ்பூனை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள், எனக்கு எழுதிக்கொண்டும் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பிள்ளையை மடியில் உட்கார்த்தியபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.